பழைய ரைஸ் மில்லை வீடாக்கும் முன்

1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடித்து, மேற்கே ஓடிய தண்ணீரைக் கிழக்கே வைகைக்குத் திருப்பினார்கள். மதுரைப் பக்கம், வைகையின் பேரணையில் பிரியும் பெரியாறு கால்வாயில் கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதைத் தாண்டி மேலூர்ப் பக்கம் ஒருபோகம். நெல் பெருகியதால்தான் பின்னாளில் வாய்க்கால் ஓரத்து ஊர்களில் ஹல்லர் (நெல்லை உரசி அரிசியாக்கும் பழைய இரும்பு இயந்திரம்) மில்கள் முளைத்தன. உமி நீக்கும் புது இயந்திரமான ரப்பர் ரோலர் வந்து ஹல்லரை ஓரங்கட்டியதும் அந்த மில்களின் ஓட்டம் நின்றது. தடித்த செங்கல் சுவர், உயரக் கூரை, முன்னால் களம் என்று பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். மில் எப்படி ஓடியது என்று தெரிந்துகொள்ளாமல் கொத்தனாரை உள்ளே விடாதீர்கள்.

பணத்தைத் தின்பது ஊறல் தொட்டியை ஒட்டிய சுவர். புழுங்கலுக்கு நெல்லைப் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போடுவார்கள், புளித்து நாறும். வருஷக்கணக்கில் அந்த ஈரத்தைக் குடித்த செங்கலில் உப்பு ஏறியிருக்கும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஓதம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறும், பூச்சு உப்பிப் பாளம் பாளமாக விழும். "வாட்டர்ப்ரூஃப் கலந்து பூசிடலாம்" என்பார்கள், கேட்காதீர்கள். கறை தெரியும் உயரத்துக்கு மேல் இரண்டடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் இடுக்கை அரை அங்குலம் சுரண்டி, ஒரு கோடை முழுக்கச் சும்மா விடுங்கள். வெள்ளையாகப் பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி வெளியே கொட்ட வேண்டும். கழுவினால் கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போகும். பூப்பது அடங்கியதும் நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு கலந்து பூசுங்கள். கடுக்காய்த் தண்ணீர் உங்கள் விருப்பம்.

இயந்திரங்களைச் சுழற்றும் ஷாஃப்ட் (நீள இரும்புத் தண்டு) ஓடிய குழியில் தவிடும் கிரீஸும் கெட்டியாக அப்பியிருக்கும். சுரண்டி எடுக்காமல் மண்ணைத் தள்ளி மூடினால் எலியும் கரையானும் குடியேறும், தரையும் இறங்கும். கிராவலை ஆறு அங்குலத்துக்கு ஒருமுறை தண்ணீர் விட்டுத் திமிசு போட்டு (இடித்து இறுக்கி) நிரப்ப வேண்டும். எண்ணெய் குடித்த தரையில் டைல்ஸ் ஒட்டாது; மேல்தளத்தைப் பெயர்த்தே ஆகவேண்டும். இன்ஜின் மேடையை மட்டும் விட்டுவிடுங்கள். அதிர்வு தாங்க ஆழமாகப் போட்ட கான்கிரீட் அது, உடைக்கும் கூலியில் ஒரு அறையே கட்டலாம். திண்ணைக்கு ஆகும்.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அறுக்காமல், துளைக்காமல், நனைத்து முழு ஷீட்டாக இறக்குங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

களம் மழைநீர் நிற்காதபடி வாட்டம் வைத்துப் போட்டது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, செப்டிக் டேங்க்கை அதற்கு எதிர்ப்பக்கம் தோண்டுங்கள்.