சர்க்கரை பூத்த கடலை: டப்பாவில் கொடுக்க ஒன்று, வீட்டில் கொறிக்க ஒன்று

தீபாவளிக்கு வீடு வீடாகப் போய் வரும் லட்டும் மைசூர்பாகும் மூன்றாம் நாளே திகட்டிவிடும். மிளகும் சுக்கும் போட்டு, மேலே சர்க்கரை பூத்த வறுத்த வேர்க்கடலை ஒரு டப்பா இருந்தால் அதுதான் முதலில் காலியாகும். செய்வதும் கஷ்டமில்லை. அரை கிலோ கடலைக்கு, வறுக்கிற நேரம் போக, அடுப்படியில் இருபது நிமிஷ வேலை.

கெட்டுப்போனால் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பங்குனி, சித்திரையில் திறந்த தட்டில் வைத்தாலும் மொறுமொறுவென்று கிடக்கும் கடலை, ஐப்பசி மழையில் ராத்திரி மூட மறந்தால் காலையில் விரலில் ஒட்டும். நாம் டப்பா கட்டிக் கொடுப்பதோ ஐப்பசியில். அதனால் என் கட்சி இதுதான்: அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வெள்ளைச் சர்க்கரை, நம் வீட்டில் ஒரு வாரத்தில் தீர்ந்துபோவதற்கு வெல்லம். வெல்லம் ருசி, மறுக்கவில்லை. ஆனால் வெல்லப்பாகு கடலை மேல் கண்ணாடி மாதிரி படியும். அந்தக் கண்ணாடி காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். வெல்லத்தில் இயல்பாகவே இருக்கும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஈரத்தை இன்னும் கூப்பிடும். வெள்ளைச் சர்க்கரை பூத்துப் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தால் அவ்வளவு சீக்கிரம் நமுக்காது.

முதலில் கடலை. ஆடிப்பட்டத்தில் விதைத்த மானாவாரிக் கடலைக்காய் ஐப்பசி, கார்த்திகையில் சந்தைக்கு வந்துவிடும். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரி இடத்தில் புதுக்காய் வாங்கினால் இனிப்பு தூக்கலாக இருக்கும், ஆனால் உள்ளே ஈரம் நிற்கும். ஓட்டோடு குலுக்கிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் வந்தால் காய்ந்தது. சத்தம் வராவிட்டால் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் போட்டுவிட்டுத்தான் உடைக்க வேண்டும். ஒரு கிலோ காய் உடைத்தால் 650லிருந்து 700 கிராம் வரை பருப்பு தேறும். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை படிந்தது, பச்சை பூத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கக் கூடாது. பூஞ்சை விடும் அஃப்ளடாக்ஸின் என்ற நச்சு வீட்டு அடுப்புச் சூட்டில் முழுக்க அழியாது. பழைய பருப்பு வாங்குகிறீர்கள் என்றால் கடைக்காரர் எதிரிலேயே இரண்டு மென்று பாருங்கள். கடைசியில் தொண்டையில் சிக்கு வாடை நின்றால் வேண்டாம். எவ்வளவு ஏலக்காய் போட்டாலும் அது மறையாது.

வறுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. சர்க்கரையில் போடப்போகிற கடலையை முக்கால் பதத்தில் எடுத்துவிட வேண்டும், மிச்சம் கால் பங்கு சர்க்கரையோடு புரளும்போது வறுபடும். வெல்லத்துக்குப் போகிற கடலையை முழுசாக வறுக்க வேண்டும், ஏனென்றால் பாகில் அது அரை நிமிஷம்கூட நிற்காது. அடி கனமான வாணலியில் அரை கிலோவுக்குச் சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் முக்கால் பதம், பதினைந்து பதினாறு நிமிஷத்தில் முழுப் பதம். இரண்டு கை கல்லுப்பைப் போட்டுச் சூடேற்றி அதில் வறுத்தால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக வெந்து வரும். தள்ளுவண்டிக்காரர் மணலில் வறுப்பதும் இதற்குத்தான். ஒன்றை எடுத்து இரண்டாகப் பிளந்து பாருங்கள். நடுவே வெள்ளையாக, ஓரம் மட்டும் பழுப்பு ஏறியிருந்தால் முக்கால். உள்முழுக்க இளம் பழுப்பென்றால் முழுப் பதம். சூடாக இருக்கும்போது கடித்துப் பார்த்து "இன்னும் மெத்தென்றுதானே இருக்கிறது" என்று தீயை ஏற்றாதீர்கள். கடலை ஆறினால்தான் மொறுமொறுக்கும்.

முந்திரி, பாதாமுக்கு ஓவன் வசதி. 150 டிகிரியில் முந்திரி பத்து நிமிஷம், பாதாம் பதினைந்து. ஊறவைத்துத் தோலுரித்த பாதாம் இந்த வேலைக்கே வேண்டாம். மேலே சர்க்கரை கெட்டியாக இருந்தாலும் உள்ளே சவசவவென்று இருக்கும்.

இனி சர்க்கரை. அளவு: தோலோடு முக்கால் பதம் வறுத்த கடலை 500 கிராம், வெள்ளைச் சர்க்கரை 250 கிராம், தண்ணீர் 90 மில்லி, பொடி உப்பு அரை டீஸ்பூன். டம்ளர் கணக்கில் போடாமல் தராசில் நிறுத்துங்கள். ஆளுக்கு ஒரு டம்ளர், வீட்டுக்கு ஒரு அளவு. தோலை எடுக்க வேண்டாம். வழவழப்பான பருப்பில் சர்க்கரை பிடிக்காது, தோல்தான் பிடிமானம். அதே காரணத்தால் எண்ணெயில் பொரித்த முந்திரியும் ஆகாது.

சர்க்கரையும் தண்ணீரும் வாணலியில் கரைந்து கொதித்ததும் கடலையைக் கொட்டி, நடுத்தரத் தீயில் மரக்கரண்டியால் கிளறிக்கொண்டே இருங்கள். முதல் நாலைந்து நிமிஷம் ஒன்றும் நடக்காது. தண்ணியாகக் கொதிக்கும், குமிழி பெரிசு பெரிசாக இருக்கும். பிறகு குமிழி சிறுத்து, பாகு தேன் மாதிரி தடித்து, கரண்டி இழுக்கும் இடத்தில் வாணலியின் அடி ஒரு விநாடி தெரிந்து மூடும். சூடு சுமார் 120 டிகிரி. இங்கேதான் கையை நிறுத்தக் கூடாது. அடுத்த ஒரு நிமிஷத்துக்குள் பாகின் பளபளப்பு மங்கும். ஓரத்தில் வெள்ளைத் திட்டு ஒன்று தோன்றும். நாலு கிளறலில் அது முழு வாணலிக்கும் பரவி, இதுவரை ஈரமாகப் பளபளத்த கடலை எல்லாம் திடீரென்று காய்ந்த மணலில் புரட்டி எடுத்த மாதிரி நிற்கும். கரண்டியின் சத்தமே மாறிவிடும், சளசளவென்று இருந்தது சரசரவென்று கேட்கும். முதல் தடவை செய்கிறவர்கள் இதைப் பார்த்துப் பதறி, பாழாகிவிட்டது என்று தண்ணீரை ஊற்றிவிடுவார்கள். பாழாகவில்லை, பூத்துவிட்டது. நாம் காத்திருந்ததே அதற்குத்தான்.

இந்த இடத்தில் இறக்கினால் வெள்ளையாகப் பொடி ஒட்டிய கடலை. அதுவும் நன்றாகவே இருக்கும், நாள்பட நிற்கும். நான் சொல்வது இன்னும் ஒரு படி: தீயைச் சிறிதாக்கி மூன்று நாலு நிமிஷம் கிளறுங்கள். அடியில் படும் சர்க்கரை மட்டும் மறுபடி உருகிப் பொன்னிறமாகக் கடலை மேல் பூசும், மேலே பொடி மிச்சமிருக்கும். பாதி உருகல், பாதி மணல். அதுதான் பதம். முழுவதும் உருக விட்டால் அதுவும் கண்ணாடிதான், ஈரம் குடிக்கும். உருகும்போது சூடு 160 டிகிரியைத் தாண்டிவிடும் என்பதால் கவனம். புகை வந்தால் கசப்பு வந்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு மருந்து கிடையாது.

மசாலாவை இறக்குவதற்கு அரை நிமிஷம் முன்பு தூவுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். கொதிக்கிற பாகில் ஏலக்காயைப் போட்டால் வாசனை வீட்டுக்குள்தான் இருக்கும், கடலையில் இருக்காது. மிளகாய்ப் பொடி கருகினால் நெடியில் வீடே இருமும். அரை கிலோவுக்கு எனக்குப் பிடித்த கணக்கு: சுக்குப் பொடி ஒரு டீஸ்பூன், கொரகொரப்பாக இடித்த மிளகு முக்கால் டீஸ்பூன், ஏலக்காய்ப் பொடி அரை டீஸ்பூன், ஜாதிக்காய் இரண்டு சிட்டிகை. உப்பையும் இதோடு கலந்துவிடலாம். முந்திரி, பாதாமுக்குப் பட்டைப் பொடி ஒரு டீஸ்பூன், மிளகாய்ப் பொடி அரை டீஸ்பூன். பொடிகள் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். சுக்கை வெயிலில் வைத்து, ஏலக்காயை வெறும் வாணலியில் சூடுகாட்டி அரைத்தால் போதும்.

புளிப்பு வேண்டுமென்று சிலர் எலுமிச்சை பிழிவார்கள். செய்யாதீர்கள். குலாப் ஜாமூன் பாகு பூக்காமல் இருக்கத்தானே எலுமிச்சை விடுகிறோம்? நமக்கு இங்கே பூக்க வேண்டும். புளிப்பு சர்க்கரையை உடைத்து, பூக்கவிடாமல் செய்யும். புளிக்கரைசலும் அப்படியே, போதாததற்கு அது தண்ணீர் வேறு. மாங்காய்க்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு புளிப்பு இல்லாமல் எப்படி என்றால், காய்ந்த மாங்காய்ப் பொடியை ஒரு டீஸ்பூன், கடலை வெதுவெதுப்பாக ஆறிய பின் தூவிக் குலுக்குங்கள். வெல்லத்தையோ நாட்டுச் சர்க்கரையையோ பாதிக்குப் பாதி கலந்தாலும் இதே கதிதான், சரியாகப் பூக்காது, பிசுபிசுவென்று நிற்கும்.

எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, இரண்டு முள்கரண்டியால் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்துவிடுங்கள். கை வைக்காதீர்கள். கொதி தண்ணீர் பட்டால் வழிந்துவிடும், பாகு பட்டால் தோலோடு ஒட்டிக்கொண்டே சுடும். பக்கத்தில் ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர் இருக்கட்டும், பிள்ளைகள் அடுப்படியில் வேண்டாம். வாணலியில் ஒட்டியதைச் சுரண்ட வேண்டியதில்லை, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் தானே கரையும்.

ஒரு கிலோவாக ஒரே ஈடில் செய்யப் பார்க்காதீர்கள். வீட்டு வாணலியில் ஒரு பக்கம் பூக்கும்போது மறுபக்கம் ஈரமாக இருக்கும், அது பூப்பதற்குள் இது கருகும். அரை கிலோவாக இரண்டு ஈடு போட்டால் கடைசியில் நேரம் மிச்சம்.

வெல்லத்துக்கு வருவோம். கடையில் "அண்ணா, பாகுக்கு ஆகுற வெல்லம் குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். ஒரு துண்டு வாயில் போட்டுப் பாருங்கள். உப்புக் கரித்தால் வேண்டாம், சீக்கிரம் நீர்த்துவிடும். பளீரென்ற மஞ்சள் வெல்லத்தை விட அடர்ந்த பழுப்பு நல்லது. தோல் நீக்கி முழுப் பதம் வறுத்த கடலை 500 கிராமுக்கு வெல்லம் 200 கிராம், தண்ணீர் 60 மில்லி. கரைத்து வடிகட்டி, மறுபடி அடுப்பில் வைத்து, ஒரு டீஸ்பூன் நெய்யும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கொதிக்கவிடுங்கள்.

கடலை உருண்டைக்கு எடுக்கிற பதத்தில் நிறுத்திவிடுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. உருண்டையில் வெளிப்பக்கம் கொஞ்சம், உதிரிக் கடலையில் ஒவ்வொன்றுமே வெளிப்பக்கம். அதனால் பாகு இன்னும் முறுக வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு எடுத்துக் கடித்தால் பல்லில் ஒட்டாமல் "படக்" என்று உடைய வேண்டும், தட்டில் போட்டால் கண்ணாடிச் சில்லு மாதிரி டங்கென்று கேட்க வேண்டும். தெர்மாமீட்டரில் 146லிருந்து 150 டிகிரி. இந்தப் பதம் வந்ததும் அடுப்பை அணைத்து, மசாலாவையும் சூடான கடலையையும் போட்டுப் புரட்டி உடனே கொட்டிப் பிரியுங்கள். கடலை ஆறிப்போயிருந்தால் பாகு தொட்டதும் இறுகி, கட்டிகட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

தெர்மாமீட்டர் வைத்துச் செய்கிறவர்களுக்கு, முக்கியமாக ஓசூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாகு பதத்துக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணிலிருந்து மூன்று டிகிரி கழித்துக்கொள்ளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி டவுனில் ஒன்றரை போதும். முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அளந்து பார்த்தால் உங்கள் கருவி எத்தனை காட்டுகிறது என்று தெரிந்துவிடும். சொட்டு விட்டுப் பார்க்கிற சோதனைக்கு இந்த வம்பு எதுவும் இல்லை.

மறுநாள் பிசுபிசுத்தால் சர்க்கரைக் கடலையைத் தட்டில் பரப்பி 120 டிகிரி ஓவனில் பன்னிரண்டு நிமிஷம் வைத்து ஆறவிடுங்கள், மீண்டுவிடும். வெல்லக் கடலை அதே சூட்டில் இளகி ஒட்டும். கட்டியாகிப்போனதை உடைத்து, மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, ராகிக் களி பிடிக்காத பிள்ளைகளுக்கு ராகிப் புட்டின் மேல் தூவலாம். பூக்கவே மாட்டேன் என்கிற பாகை அடுப்பிலிருந்து இறக்கி, ஒரு டேபிள்ஸ்பூன் காய்ந்த சர்க்கரையைத் தூவி வேகமாகக் கிளறினால் பெரும்பாலும் பூத்துவிடும்.

டப்பாவில் அடைப்பதற்கு முன் இரண்டு மணி நேரமாவது ஆற வேண்டும், மின்விசிறிக்குக் கீழே, மழை நாளென்றால் ஜன்னலை மூடிவிட்டு. வெதுவெதுப்போடு மூடினால் மூடியின் உட்புறம் வியர்க்கும், அந்தத் துளி போதும் மொத்தத்தையும் கெடுக்க. அரை கிலோ கடலை, கால் கிலோ சர்க்கரையில் சுமார் 730 கிராம் கிடைக்கும், 240 கிராமாக மூன்று பாட்டில் நிரப்பலாம். 400 மில்லி கண்ணாடி பாட்டில் சரியாக இருக்கும். கழுத்துவரை நிரப்புங்கள். காலியிடம் விட்டால் உள்ளே காற்றும் நிற்கும், பெங்களூருக்குப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினால் குலுங்கிக் குலுங்கிப் பூத்த சர்க்கரையெல்லாம் அடியில் சேர்ந்துவிடும். பாட்டிலைக் கழுவினால் முதல் நாளே கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்துவிடுங்கள். அழகு அட்டைப் பெட்டியில் நேராகக் கொட்டிக் கொடுப்பது இரண்டு நாளைக்குத்தான் தாங்கும்.

சர்க்கரைக் கடலை மூன்று வாரம் நன்றாக இருக்கும், வெல்லக் கடலை பத்து நாள். அடுப்புக்கு மேல் அலமாரியிலோ வெயில்படும் ஜன்னலிலோ வைத்தால் கடலை எண்ணெய் அதற்கு முன்பே சிக்கு அடிக்கும். செய்த தேதியை ஒட்டிவிடுங்கள். முந்திரி டப்பாவானாலும் அதே வாணலியில் வேர்க்கடலை புரண்டிருந்தால் "வேர்க்கடலை பட்டது" என்று ஒரு வரி எழுதுங்கள், ஒவ்வாமை உள்ள பிள்ளை எந்த வீட்டில் இருக்கும் என்று நமக்குத் தெரியாது.