திருக்கைக்கு வாய் அடியில்

சென்னை காசிமேட்டில், மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் பால்வாடி டீச்சராக இருக்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு மூன்று, நான்கு வயது. பாதிப் பேர் வீட்டில் அப்பா போட்டுக்குப் போவார், ஆயா (பாட்டி) மீன் விற்பார். "மீன் நடுவுலயே வளர்ற பிள்ளைங்களுக்கு மீன் படம் எதுக்குக்கா?" என்று என் தங்கை கேட்டாள். கொஞ்ச நாள் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன வருஷம் ஒரு படப்புத்தகத்தை விரித்துக் காட்டினேன். நடுப்பக்கம் முழுக்க ஒரு திருக்கை, இரண்டு பக்கமும் செட்டையை விரித்துக்கொண்டு போகிறது. முன்னால் உட்கார்ந்திருந்த பாப்பா எழுந்து வந்து படத்தின் மேல் கையை வைத்தாள்.

"டீச்சர், இது திருக்கைதானே?"

"ஆமாம்மா."

"பறக்குதா?"

அந்தப் பாப்பாவின் ஆயா திருக்கை விற்கிறவர். பிறந்ததிலிருந்து அவள் பார்த்த திருக்கை எல்லாம் ஐஸ் மேல் கிடந்தவை. உயிரோடு அது எப்படி அசையும் என்று யார் காட்டியிருப்பார்கள்? எங்கள் கரையில் தண்ணீர் கலங்கல், எவ்வளவு நேரம் நின்று பார்த்தாலும் உள்ளே ஒன்றும் தெரியாது. வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று கூடையைப் பார்த்துப் பேர் சொல்லத் தெரிந்த பிள்ளைகள், அவற்றில் ஒன்றுகூட நீந்துவதைப் பார்த்ததில்லை.

மறுநாள் அந்த ஆயாவிடம் கேட்டு, தட்டு அளவு ஒரு சின்னத் திருக்கை வாங்கி வந்தேன். காசு வேண்டாம் என்றுவிட்டார். தாம்பாளத்தில் அதை வைத்து, பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்தேன். ஒரு பையன் உடனே சொன்னான்: "படத்துல வால் இருக்கு, இதுக்கு இல்ல. முள்ளு குத்தும்னு வெட்டிட்டாங்க." அது புத்தகத்தில் எழுதியில்லை, அவன் வீட்டுப் பாடம்.

புரட்டிப் போட்டேன். அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று, இரண்டு புள்ளியும் ஒரு வாயுமாகச் சிரிக்கிற முகம் மாதிரி இருந்தது. "கண்ணு!" என்று கத்தினார்கள். கண் மேலே இருக்கிறது, இது மூக்குத் துவாரம் என்று திருப்பித் திருப்பிக் காட்டினேன். வாய்க்குக் கீழே செவுள் கீறல்கள். ஒரு பக்கம் ஐந்து, இன்னொரு பக்கம் ஐந்து. விரல் வைத்து எண்ணினோம். அன்றைய கணக்குப் பாடமும் அதிலேயே முடிந்தது. மேல்பக்கம் கண்ணுக்குப் பின்னால் இரண்டு ஓட்டை. மணலில் புதைந்து கிடக்கும்போது வாயால் தண்ணீர் இழுத்தால் மண்ணும் சேர்ந்து வருமே, அதனால் மேலே உள்ள அந்த ஓட்டை வழியாக இழுத்து, அடியில் செவுள் வழியாக விடும். இது முட்டையிடாது, குட்டி போடும் என்று சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை. திருக்கை கொடுத்த அந்த ஆயா வந்து சொன்ன பிறகுதான் நம்பினார்கள்.

புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் 'ஸ்டிங்ரே' என்று அச்சடித்திருந்தது. வெள்ளைத் தாளில் 'திருக்கை' என்று எழுதி அதன் மேல் ஒட்டினேன். இப்போது எந்தக் கடல் புத்தகம் வந்தாலும் முதலில் இந்த வேலைதான். ஆக்டோபஸ் பக்கத்தில் 'பேய்க்கணவாய்' ஒட்டியிருக்கிறேன், டால்பினுக்கு 'ஓங்கில்'. வீட்டில் புழங்கும் பேரைப் புத்தகத்திலும் பார்க்கும் பிள்ளை அந்தப் பக்கத்தை விட்டு நகர மாட்டாள். மீனுக்கு இமைமுடி வைத்து, உதட்டுச் சாயம் பூசி வரைந்த புத்தகங்களை நான் வாங்குவதில்லை. செட்டை எங்கே, செவுள் எங்கே என்று காட்ட முடியாத படம் எனக்கு எதற்கு? காசு போட முடியாதபோது பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சடித்துத் தைத்துக்கொள்கிறேன்.

ஆமைப் புத்தகம் வேறு மாதிரி. பங்குனி ஆமை மணலேறி வந்து நூறு முட்டை போல இட்டுவிட்டுப் போகும் என்று காட்டினால், "மணல் எங்க டீச்சர்?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. சென்னைத் துறைமுகச் சுவர் வந்தபின் தெற்கிலிருந்து வரும் மணல் அங்கேயே தங்கி மெரினா அகலமானது, வடக்கே எங்கள் பக்கம் கடல் அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கொட்டின பாறாங்கல்தான் எங்கள் பிள்ளைகளுக்குக் கடற்கரை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிற அப்பாக்கள் கரையில் இருப்பார்கள். இந்த முறை ஒரு அப்பாவை அழைத்து, ஆமைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். எழுத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தே சொன்னார். "மூச்சு விட இது மேல வரணும்டா. வலைக்குள்ள மாட்டி ரொம்ப நேரம் கிடந்தா செத்துரும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க வலையிலயும் மாட்டியிருக்கு" என்றார். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியதை அவரும் பார்த்தவர், நானும் பார்த்தவள். பிள்ளைகளிடம் அதை நான் சொல்லியிருக்கவில்லை. அவர் அவர்களுக்குப் புரிகிற அளவில், பயமுறுத்தாமல் சொல்லிவிட்டார்.

அவர் மகள் அந்தப் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கிரேயானை எடுத்து, படத்தில் தண்ணீருக்கு மேலே காலியாக இருந்த இடத்தில் ஒரு போட் வரைந்தாள். ஆமையின் மூக்கு அந்த போட்டுக்குப் பக்கத்தில் தண்ணீருக்கு வெளியே வந்திருந்தது. அதையும் அவள்தான் வரைந்தாள்.