கையில் இருக்கும் மனம்

ஆக்டோபஸின் உடலில் சுமார் 50 கோடி நரம்புச் செல்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு தலையில் இல்லை, கைகளில் இருக்கிறது! தொட்ட பொருளின் ருசியையும் கையே அறிகிறது. அப்படியொரு உயிருக்கு 'நான்' என்ற உணர்வு எங்கே இருக்கும்? இரண்டு நாளாக இதே நினைப்புதான்.

விலங்குகள் இயந்திரம் மாதிரி என்று 17ஆம் நூற்றாண்டில் எழுதினார் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெகார்த். 2012இல் கேம்பிரிட்ஜில் கூடிய நரம்பியல் அறிஞர்கள், நனவுக்கு வேண்டிய நரம்பு அமைப்பு பாலூட்டிகள், பறவைகள் மட்டுமல்ல, ஆக்டோபஸுக்கும் உண்டு என்று அறிவித்தார்கள். சரி, அறிவியல் நகர்ந்துவிட்டது. நம் பேச்சு நகரவில்லை. கொடுமை செய்த மனிதனைத் திட்ட இன்னும் 'மிருகம்' என்கிறோம். அது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. எந்த மிருகம் அப்படிச் செய்தது?