ஜாதியடி, சக்குபந்தி, பசலி

பத்திரம் எழுதும் இடங்களில் இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். ஆனால் அதன் முன் உட்காரும் இருபது வயதுப் பையனும் கிரயம் (விற்பனை), ஒத்தி (அடமானம்), ஷரத்து (நிபந்தனை), தபசில் (சொத்து விவரம்) என்றுதான் பேசுகிறான். தாசில்தாரையும் ஜமாபந்தியையும் போலப் பல சொற்கள் நவாபு, மராட்டியர் காலக் கச்சேரிகள் வழியே வந்து இங்கேயே தங்கிவிட்டவை. இவற்றை வெறும் அலங்காரம் என்று எண்ணிப் புரியாமல் நகலெடுக்கும்போதுதான் வம்பு வருகிறது.

முதல் வம்பு சக்குபந்தியில், அதாவது நான்கெல்லையில். பழைய பத்திரத்தில் இப்படி இருக்கும்: 'தெருவுக்கு வடக்கு, முத்தையா மனைக்கு மேற்கு, ஓடைக்குத் தெற்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு, இதன் மத்தியில்'. தெருவுக்கு வடக்கே இருப்பது மனை. எனவே மனைக்குத் தெற்கெல்லைதான் தெரு. 'வடக்கே:' என்று கேட்கும் கட்டத்தில் அவசரமாகத் தெருவை நிரப்பினால் மனை தலைகீழாகிவிடும். நான்கு வரியையும் அப்படியே நிரப்பினால் நான்கு பக்கமும் தப்பு. வெள்ளைத்தாளில் ஒரு சதுரம் போட்டு, நடுவில் மனையை வைத்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கமாகக் குறித்து, புலப்படத்தோடு (அந்த சர்வே எண்ணின் அளவு வரைபடம்) ஒத்துப் பார்த்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை.

அடுத்தது அளவு. 'கிழமேல் ஜாதியடி 40, தென்வடல் ஜாதியடி 60.' (ஜாதியடி என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. சாதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அடிக்கணக்குதான்.) கிழமேல் என்பது கிழக்கு மேற்காக ஓடும் நீளம், தென்வடல் தெற்கு வடக்காக. இரண்டையும் மாற்றி எழுதினாலும் பெருக்கினால் 2400 சதுரடிதான் வரும். அதனால் பரப்பைச் சரிபார்க்கிறவர் கண்ணில் இந்தப் பிழை படாது. உட்பிரிவுக்கு சர்வேயர் சங்கிலி போடும்போதுதான் வெளிவரும். அதற்குள் விற்றவர் காலமாகியிருந்தால், பிழைதிருத்தல் பத்திரத்துக்கு வாரிசுகள் அத்தனை பேரையும் தேடி அலைய வேண்டும்.

அடுத்து பசலி, நிலவரிக் கணக்கில் வரும் வருவாய்த்துறை ஆண்டு. அதை ஆங்கில ஆண்டாக்க வெறுமனே 590 கூட்டினால் பாதி விடைதான். பசலி ஆண்டு ஜூலை 1இல் பிறந்து ஜூன் 30இல் முடிகிறது. பசலி 1390 என்றால் 1980 ஜூலை முதல் 1981 ஜூன் வரை. 1981 மே மாதக் கிரயத்துக்குப் பசலி 1390 கிஸ்தி (நிலவரி) ரசீது இருந்தால் 'ரசீது ஒரு வருஷம் முந்தியதாயிற்றே' என்று பதறத் தேவையில்லை. ஜனவரி முதல் ஜூன் வரையிலான தேதிகளுக்கு 591 கூட்டிப் பார்க்க வேண்டும்.

தஞ்சைப் பக்கம் நிலத்தை இன்னும் மா கணக்கில்தான் விலை பேசுகிறார்கள். 12 அடிக் கோலால் அளந்த குழி 144 சதுரடி. நூறு குழி ஒரு மா, 33 செண்ட் சொச்சம். இருபது மா ஒரு வேலி, 6.61 ஏக்கர். கோலின் நீளம் மாறினால் குழியும் மாறும் என்பதால் பேச்சு மாவில் இருக்கட்டும், பத்திரத்தில் பட்டாவில் உள்ள ஹெக்டேர், ஏர்தான் நிற்க வேண்டும். ஒரு ஏர் 2.47 செண்ட்.

'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' போன்ற தொடர்களை எடுத்துவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை என்பது என் எண்ணம். கேட்க நன்றாயிருக்கும், அவ்வளவே. ஆனால் 'சுவாதீனம்' அப்படியல்ல. சொத்து கைமாறியதைச் சொல்லும் சொல் அது. 'இன்றே சுவாதீனம் ஒப்படைத்து' என்ற வரியைச் சுருக்குகிறேன் என்று வெட்டினால், பின்னால் அனுபவ பாத்தியம் யாருடையது என்ற வழக்குக்கு நாமே வழி திறந்துவிட்டதாகும்.

இன்னொன்று 'வகையறா'. பட்டாவில் 'முத்தையா வகையறா' என்றிருந்தால் முத்தையாவின் கையெழுத்து மட்டும் போதாது. அந்த வகையறாவில் யார் யார் என்று அ-பதிவேட்டிலும் (கிராம நிலப் பதிவேடு) தாய்ப்பத்திரத்திலும் (சொத்தின் முந்தைய மூலப் பத்திரம்) பார்த்து, இறந்தவர்களுக்கு வாரிசுச் சான்றும் வாங்கிய பிறகே முன்பணம் கொடுக்கச் சொல்வது வழக்கம்.