ஒரே வேலையா முடிஞ்சுதாம்

இரட்டைப் பிள்ளை பிறந்த வீட்டுக்கு வந்த ஒறம்பரை எல்லோரும் சொல்லி வைத்ததுபோல ஒன்றையே சொல்லிவிட்டுப் போனார்கள். "பரவால்ல கண்ணு, ஒரே வேலையா முடிஞ்சுது." பிரசவத்தைச் சொன்னார்கள் என்றால் சரி. ஒரே ஆபரேஷன், ஒரே தையல். அதற்கப்புறம் எதுவுமே எங்களுக்கு ஒரே வேலையாக முடிந்ததில்லை. பிறப்புச் சான்றிதழிலிருந்து ஆதார் வரைக்கும் அலைந்த கதையைத்தான் எழுதப் போகிறேன். இரட்டையரைச் சுமந்துகொண்டிருக்கிற யாருக்காவது ஒரு நடை மிச்சமானால் நல்லது.

எங்கள் ஊர் ஊத்துக்குளிப் பக்கம். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மூத்தவள் 2020 ஏப்ரலில், ஊரே அடைத்துக் கிடந்த நேரத்தில் பிறந்தாள். பையன்கள் இருவரும் 2023 ஐப்பசியில், விடாத மழையில், பக்கத்து மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பிறந்தார்கள். முதலில் வந்தவன் 2 கிலோ 200. மூன்று நிமிடம் கழித்து வந்தவன் 1 கிலோ 900. இதில் யார் அண்ணன் என்பதிலேயே முதல் சண்டை. பின்னால் வந்தவன்தான் மூத்தவன், அவன்தான் உள்ளே முதலில் தங்கினான் என்பது என் அத்தையின் கட்சி. மாமியாரோடு இதில் வாதாட முடியாது. "சரிங்கத்தை" என்று சொல்லிவிட்டு, முன்னால் வந்தவனைப் பெரியவன் என்றே நானும் அவரும் கூப்பிட ஆரம்பித்தோம்.

பிறப்பைப் பதிவு செய்ய 21 நாள் அவகாசம். நாம் இருக்கிற ஊரில் பதிவு கிடையாது, பிள்ளை எந்த ஊரில் பிறந்ததோ அங்கேதான். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே விவரத்தை அனுப்பிவிடுவார்கள், கர்ப்பமானபோது நர்ஸம்மா பதிந்து கொடுத்த பிக்மி எண்ணை மட்டும் கேட்பார்கள். அதை நான் ஒரு சீட்டில் எழுதி பர்ஸில் வைத்திருந்ததால் தப்பித்தேன். ஆக, பதிவில் சிரமமே இல்லை. சிரமம் சான்றிதழைக் கையில் வாங்கியபோது வந்தது.

பிள்ளைக்குப் பெயர் வைக்காமல் பதிந்தால் பெயர் என்கிற இடம் காலியாக இருக்கும். எங்களிடம் இருந்தது அப்படி இரண்டு தாள். பாலினம் ஆண், ஆண். பிறந்த தேதி ஒன்று. பிறந்த இடம் ஒன்று. தாய் பெயர், தகப்பன் பெயர், முகவரி எல்லாம் ஒன்று. பிறந்த நேரம் சான்றிதழில் கிடையாது, ஆகவே மூன்று நிமிட வித்தியாசத்துக்கும் அங்கே மதிப்பில்லை. இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பதிவு எண்ணின் கடைசி இலக்கம் மட்டும்தான் மாறியிருந்தது. என் இரண்டு பிள்ளைகளுக்கும் அரசாங்கக் கணக்கில் உள்ள வேறுபாடு ஒரே ஒரு இலக்கம்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். 1.10.2023 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த தேதிக்கான அத்தாட்சி இந்தச் சான்றிதழ் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு, பாஸ்போர்ட்டுக்கு, எல்லாவற்றுக்கும் இதைத்தான் கேட்பார்கள். எங்கள் பையன்கள் அந்தக் கணக்கில் வருகிறார்கள். அதனால் இதில் தப்பு வந்தால் காலத்துக்கும் இழுக்கும் என்ற பயம் எனக்கு.

ஒரு வருடத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் இல்லை. தாண்டினால் தாமதக் கட்டணம். ஒரு வருடம் தாராளம் என்று நினைத்தோம். குலதெய்வத்தின் பெயர் வரவேண்டும் என்று அத்தை, எண்கணிதம் பார்க்கவேண்டும் என்று அவருடைய அண்ணன், ரெண்டு பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கினால்தான் அழகு என்று என் அம்மா. பத்து மாதம் ஓடிப்போயிற்று. ஒரே எழுத்துக்கு மட்டும் நான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. தேதியும் ஒன்று, முகவரியும் ஒன்று, இனிஷியலும் ஒன்று, பெயரின் முதலெழுத்துமா ஒன்றாக இருக்கவேண்டும்? நான் பிடித்த பிடிவாதங்களில் உருப்படியானது அதுதான்.

பதினோராம் மாதம் பிறப்புப் பதிவு அலுவலகத்தில் போய் நின்றோம். அங்கிருந்தவர் இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "எந்த நம்பருக்கு எந்தப் பேருங்க?" வீட்டில் இத்தனை பேர் பத்து மாதம் பேசியதில் இந்தக் கேள்வி ஒருவர் வாயிலும் வரவில்லை. நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்புறம் சிறிய எண் பெரியவனுக்கு என்று அங்கேயே முடிவு செய்தோம். அந்த ஒரு நொடியில்தான் சட்டப்படி என் பிள்ளைகள் இரண்டு ஆளானார்கள். வெளியே வந்ததும் பென்சிலால் தாளின் பின்பக்கம் 'சிவப்பு', 'கறுப்பு' என்று எழுதி வைத்தேன்.

சிவப்பும் கறுப்பும் என்னவென்றால், அருணாக்கயிறு. பெரியவனுக்குச் சிவப்பு, சின்னவனுக்குக் கறுப்பு. பிறந்து ஒன்றரை மாதத்தில் நடந்த ஒரு சங்கதியால் வந்த ஏற்பாடு அது.

ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு ஒரு புதன்கிழமை இருவரையும் தூக்கிக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்குப் போனோம். எங்கள் பக்கம் புதன்கிழமைதான் ஊசி நாள். வாயில் சொட்டு மருந்து இரண்டு வகை, இரு தொடையிலும் ஊசி, தோள்பட்டையில் ஒன்று. அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். அன்று ராத்திரி இருவருக்கும் காய்ச்சல். நர்ஸம்மா கொடுத்த காய்ச்சல் சொட்டு மருந்தை ஒருவனுக்கு ஊற்றித் தொட்டிலில் போட்டேன், அடுத்தவனை எடுத்தேன், அதற்குள் முதலாமவன் அழ, அம்மா அவனை எடுத்து நடக்க, நான் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வர, கரண்ட் போய்விட்டது. கரண்ட் வந்தபோது இரண்டு பேரும் அம்மாவின் மடியில். யாருக்கு மருந்து கொடுத்தாயிற்று, யாருக்குக் கொடுக்கவில்லை? இரண்டு வாயிலும் மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். ஒரு வாயில் மட்டும் மருந்தின் இனிப்பு வாசம் அடித்தது. அதை நம்பித்தான் அடுத்தவனுக்குக் கொடுத்தேன். மறுநாள் காலையில் அவரைக் கடைக்கு அனுப்பி இரண்டு நிறத்தில் கயிறு வாங்கி வரச் சொன்னேன். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. சிவப்பு 2.10, கறுப்பு 2.25 என்று மருந்து, பால், பேதி எல்லாம் அதில் ஏறியது. படித்தவள் என்று பெருமைக்கு எழுதவில்லை, தூக்கம் கெட்டவளுக்கு ஞாபகம் நிற்காது.

பத்தாவது வாரத்துக்கு நான் வேறு வழி செய்தேன். இந்தப் புதன் ஒருவனுக்கு, அடுத்த புதன் அடுத்தவனுக்குப் போடலாமா என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். முதலில் சிடுசிடுத்தார். "எனக்கு ரிஜிஸ்டர்ல ரெண்டு வாட்டி வேலைங்க." அப்புறம் அவரே சொன்னார், ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நான்கு வாரத்துக்குக் குறையக் கூடாது, ஒரு வாரம் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது என்று. இரண்டு நடை என்றாலும் ராத்திரிக்கு ஒரு காய்ச்சல்தான். எனக்கு அதுவே சுகமாக இருந்தது.

வீட்டுக்குள்ளும் இந்தக் கதைதான். கூடத்தில் தொட்டில் கொக்கி ஒன்றுதான் இருந்தது. ஒரே சேலையில் இருவரையும் போட்டதில் ஒருவன் கால் அடுத்தவன் மூக்கில். இரண்டாவது கொக்கிக்கு மேல்தளத்தைத் துளைக்கப் போய் கான்கிரீட் கம்பி தட்டி, கடைசியில் அடுத்த அறையில்தான் போட முடிந்தது. நான் வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு தொட்டிலுக்கும் கயிறு கட்டி இரண்டு கையாலும் ஆட்டினேன். மூத்தவள் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா மாட்டு வண்டி ஓட்டறாங்க" என்றாள். அவளைப் பற்றி நான் போதுமான அளவு எழுதவில்லை. எழுதாததே அந்த வருடம் அவள் எப்படி இருந்தாள் என்பதற்கு அத்தாட்சி. அரிசிம்பருப்பு சாதத்தைப் பிசைந்து தம்பிகளுக்கு ஊட்டிவிட்டு, தட்டில் ஒட்டியிருந்ததை அவளே வழித்துச் சாப்பிட்டு எழுந்துபோன நாள்கள் உண்டு. கேட்டால் பசிக்கவில்லை என்பாள். நாலு வயசு.

மாசியில் குலதெய்வக் கோயிலில் மொட்டை, காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தவேண்டும். எனக்கு உடன்பிறந்தவன் ஒருவன். "மாமன் ஒருத்தன், பிள்ளை ரெண்டு, இப்ப என்ன பண்றது?" என்று பூசாரி சிரித்தார். ஆளுக்கொரு தொடையில் உட்கார வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஒருவனுக்குக் குத்தும்போது அடுத்தவன் பார்த்துக்கொண்டிருப்பானே, அப்புறம் காதைக் கொடுப்பானா? பெரியம்மா மகனைக் கூப்பிட்டு இன்னொரு மடி ஏற்பாடு செய்தோம். சீரும் இரண்டு தட்டு. சந்தனம் பூசிய இரண்டு மொட்டையைப் பார்த்தபோது எனக்கே ஒரு கணம் கயிறு தேவைப்பட்டது.

அந்த மொட்டை முளைத்துக்கொண்டிருந்த சித்திரையில்தான் ஆதாருக்குப் போனோம். மூத்தவளுக்கும் அப்போது ஐந்து முடிந்திருந்தது. ஐந்துக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கைரேகையோ கண் கருவிழியோ எடுப்பதில்லை. போட்டோவும், பெற்றவர்களில் ஒருவரின் ஆதாரும் ரேகையும் போதும், நீல நிற அட்டை வரும். ஐந்து முடிந்ததும் பத்து விரல், இரண்டு கண், புதுப் போட்டோ. அதை ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் செய்தால் காசில்லை. எல்லாம் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று மூன்றையும் கிளப்பிக்கொண்டு போனோம். அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

மூன்று டோக்கன். மூத்தவள் வழியில் மாங்காயும் மிளகாய்ப்பொடியும் தின்றிருந்தாள், விரலைக் கருவியில் வைத்தால் எடுக்கவில்லை. கழுவிக்கொண்டு வந்து நான்காம் தடவையில் எடுத்தது. அதற்குள் பையன்களுக்குத் தூக்க நேரம் வந்துவிட்டது. பெரியவனுக்குப் போட்டோ எடுத்தார்கள், சான்றிதழைக் ஸ்கேன் செய்தார்கள். அடுத்து சின்னவன். அவன் அழ, பெரியவன் தரையில் உருள, நான் இருவரையும் பிடித்துக்கொண்டிருந்தேன். அங்கே வேலை செய்தவர் மேசைமேல் இருந்த தாளை எடுத்து மறுபடி ஸ்கேன் செய்தார். பெயர் சின்னவனுடையது, தாள் பெரியவனுடையது. நான் பார்க்கவில்லை. சில வாரம் கழித்து ஒப்புகைச் சீட்டில் இருந்த எண்ணைப் போட்டுப் பார்த்தபோது ஒன்று தயார், மற்றது நிராகரிப்பு. அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை, அந்த இரண்டு தாளும் அப்படி. ஆனாலும் ஒரு தடவை பெயரைப் படித்திருக்கலாம்.

மறுபடி போக அவருக்கு லீவு கிடைத்தது 2025 ஆகஸ்டில், ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள், சனிக்கிழமை. தகப்பன் ரேகையே போதும் என்பதால் நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சான்றிதழை நானே எடுத்து, பெயரை மூன்று தடவை படித்து, கவரில் போட்டுக் கொடுத்தேன். பின்பக்கம் பென்சிலில் 'கறுப்பு'. நோம்பிக்குப் பலகாரம் சுட நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அத்தை இருவருக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்துச் சட்டை மாட்டி, ஒருவனை அவரிடம் கொடுத்து அனுப்பினார். வண்டிச் சத்தம் கேட்டது.

ஒரு மணிநேரம் கழித்து மிச்சமிருந்தவன் தவழ்ந்தும் நடந்தும் அடுப்படிக்கு வந்து என் முந்தானையை இழுத்தான். எனக்குக் கயிறெல்லாம் இப்போது வேண்டியதில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரியும். நின்றுகொண்டிருந்தது சின்னவன். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். புதுக் கறுப்புக் கயிறு.

"அத்தை, பெரியவனுக்கு என்ன கயிறு கட்டினீங்க?"

"நோம்பியாச்சே சாமி, பழசு நைஞ்சு போச்சுன்னு ரெண்டு பேருக்கும் புதுசா கறுப்பு கட்டிட்டேன். சிவப்பு கடைல இல்லையாம்."

போனை எடுத்து அவருக்கு அடித்தேன். மூன்றாவது தடவை எடுத்தார். பின்னால் பெரியவனின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"முடிஞ்சுது அம்மிணி. சீட்டுக் கையில வாங்கிட்டேன். இந்த வாட்டி ஒரே வேலையா முடிஞ்சுது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. நீல அட்டை இரண்டும் இப்போது பீரோவில் இருக்கின்றன. ஐந்து வயதில் ரேகை எடுக்கும்போது போட்டோவும் புதிதாக எடுப்பார்கள். அதற்கு 2028 ஐப்பசி வரவேண்டும். இந்தத் தடவை ஆளுக்கொரு நாளில் கூட்டிக்கொண்டு போவேன், நானே போவேன்.