திருப்பூருக்கு இரண்டு நடை, போர்டு ஓரத்தில் நாலு விளக்கு

18ஆம் தேதி காலை கம்ப்யூட்டரைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, பட்டன் விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'. பனியன் ஜாப் ஒர்க் கணக்கு மொத்தமும் அதில்தான் இருக்கிறது. 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி 3பி என்கிற மாதாந்திர வரிக் கணக்கைப் போட்டாக வேண்டும்.

அவிநாசியிலிருந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திருப்பூர் போனேன். "வெச்சுட்டுப் போங்கக்கா, நாளைக்கு வாங்க" என்றார் கடைக்காரர். மறுநாள் போனால், "மதர்போர்டு போயிருச்சுங்க. புதுசு 7,500 ஆகும்." எப்படித் தெரிந்தது என்று இரண்டு தடவை கேட்டேன். பதில் இல்லை. செக்கிங்குக்கு 300 ரூபாய் மட்டும் கறாராக வாங்கிக்கொண்டார். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ராத்திரி அக்கா மகனுக்கு வீடியோ கால் போட்டேன். "சித்தி, சைடு மூடியக் கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. போர்டு ஓரத்துல நாலு குட்டி விளக்கு இருக்கும். எது அணையாம நிக்குதுன்னு பாத்துச் சொல்லுங்க."

சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று பக்கத்திலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. வரிசையாகப் புராசஸர், ராம் என்கிற நினைவகம், திரைக்குப் படம் அனுப்பும் பகுதி, விண்டோஸ் இருக்கும் டிஸ்க் என்று அர்த்தம். ஆன் செய்ததும் ஒவ்வொன்றாக எரிந்து அணைவது இயல்புதான், அதற்குப் பயப்பட வேண்டாம். எது நின்று எரிகிறதோ அங்கேதான் கோளாறு. நாம் பெட்டி முழுவதையும் சிபியு என்கிறோம். அந்த விளக்கு புராசஸரை மட்டும்தான் குறிக்கும். எல்லா போர்டிலும் இந்த விளக்குகள் இருக்காது. டெல் ஆப்டிபிளெக்ஸ் மாதிரி கம்பெனிப் பெட்டிகளில் பவர் பட்டனே சிமிட்டும். அதில் ஆரஞ்சு 2 தடவை, வெள்ளை 3 தடவை சிமிட்டினால் ராம் அகப்படவில்லை என்று அர்த்தம்.

எனக்கு நின்றது டிராம். அதாவது ராம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் கை வைத்தேன். இதை யாரும் விட்டுவிடாதீர்கள். ராமைக் கழற்றினால் ஸ்லாட்டுக்குள் ரோஸ் நிறத்தில் பஞ்சு! அந்த வாரம் தைத்த துணியின் நிறமேதான். மிஷின் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். பெயின்ட் பிரஷால் பஞ்சை எடுத்து, ராமின் பொன்னிறப் பற்களை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, ஒன்றை மட்டும் புராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போட்டேன். 'டக்'கென்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். ஆன் செய்தால் திரை உடனே வரவில்லை. அணைக்கப் போன என்னைப் பையன்தான் தடுத்தான்: "ராமைப் பழகிக்குது, பொறுங்க சித்தி." ஒரு நிமிடம் போல ஆனது. டிராம் அணைந்தது!

ஆனால் இப்போது பூட் நின்று எரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. டிஸ்க்குக்குப் போகிற சாட்டா கேபிளைத் தொட்டுப் பார்த்தால், கையோடு வந்தது. வீட்டில் முதலில் டிராமோடு நின்றுவிட்டதால் அது தெரியவில்லை. கடையில் கழற்றியவர்கள் சரியாகச் செருகாமலே மூடியிருக்கிறார்கள். அழுத்திச் செருகினேன்.

11 மணிக்கு கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேர் திறந்தது. இரண்டாவது ராமையும் போட்டேன், அதுவும் வேலை செய்கிறது. 3பி மறுநாள் மதியமே போய்விட்டது. மேசையை மிஷினிலிருந்து தள்ளி, ஜன்னல் பக்கம் மாற்றிவிட்டேன்.