ஸ்டாச்சூ விளையாட்டுக்கு போன் நடுவர்

பாட்டு ஓடினால் ஆட்டம், நின்றதும் ஸ்டாச்சூ, அசைந்தவர் அவுட். இதை ஆப்பாகச் செய்யத் திரையே தேவையில்லை. பார்க்க ஏதாவது வைத்தால் வீடே போனுக்குள் குனிந்துவிடும். ஆளுக்கொரு போன் கையில், பாட்டு பொதுவாக ஒரு ஸ்பீக்கரில்.

அசைவை போனுக்குள் இருக்கும் அக்செலரோமீட்டர் என்ற சென்சார் சொல்லும். மூன்று அச்சுகளின் மதிப்பையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், சும்மா கிடக்கும் போனில் ஏறக்குறைய 9.8 (மீ/நொடி²) வரும், அது புவியீர்ப்பு. அதிலிருந்து விலகுவதுதான் அசைவு. விலகலின் எல்லையை 2 என்று வைத்துத் தொடங்கலாம். சின்னக் குழந்தைக்கு 4, கை நடுங்கும் தாத்தாவுக்கும் அதே. இந்தச் சலுகையைத் திரையில் காட்டாதீர்கள், தாத்தா கோபித்துக்கொள்வார்! நொடிக்கு 60 அளவீடு என்றால், தொடர்ந்து மூன்று அளவீடுகள் எல்லையைத் தாண்டிய பிறகே அவுட்.

சண்டை வருவது புளூடூத் ஸ்பீக்கரால்தான். ஆப்பில் பாட்டு நின்றும், காதுக்குக் கால் நொடிவரை கேட்டுக்கொண்டே இருக்கும். மனிதர் சுதாரிக்க இன்னொரு கால் நொடி. அதனால், கொஞ்சம் தாராளமாகவே விட்டு, முக்கால் நொடி கழித்தே அளக்க ஆரம்பியுங்கள். எச்சரிக்கைக்காக போனை அதிரவிட்டால், அந்த அதிர்வையே சென்சார் அசைவாக எண்ணிவிடும். அதிரும் நேரத்து அளவீடுகளைத் தூக்கி எறியுங்கள்.

பிரவுசரில் செய்பவர்கள் கவனிக்க: ஐஓஎஸ் 13 முதல், பயனர் பட்டனைத் தொட்டு அனுமதி தந்தால்தான் ஐபோன் சென்சார் பேசும். திரை தானாக அணையாமலும் பிடித்துவைக்க வேண்டும்.